60 படிவம் நிரப்பியாயிற்று, 41 பேர் ‘வேலை இல்லை’ என்கிறார்கள். ஆய்வேட்டை எங்கிருந்து சரிசெய்வது?

பொதிகைச்சாரல் எழுதியது:

வணக்கம். முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். ஊர், ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். இந்தப் பருவத்தில் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். தலைப்பு ‘வீட்டில் பீடி சுற்றும் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை’. துறையில் ஒப்புதல் வாங்கியாயிற்று, இனி மாற்ற முடியாது.

எனக்கு முன்பு படித்த ஒரு அண்ணனின் ஆய்வேட்டில் இருந்த வினாப்பட்டியலை எடுத்துக் கொஞ்சம் மாற்றி 42 கேள்விகள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் பீடிக் கடையில் கட்டுகளை ஒப்படைக்கப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அங்கேயே உட்கார்ந்து 12 நாளில் 60 படிவங்களை நிரப்பிவிட்டேன். எக்ஸெலில் ஏற்றும்போதுதான் பிரச்சினை தெரிந்தது.

7-வது கேள்வி ‘தொழில்’. அதற்கு நான் கொடுத்த விடைகள்: அரசு வேலை, தனியார் வேலை, கூலி, சுயதொழில், இல்லத்தரசி. 60 பேரில் 41 பேர் ‘இல்லத்தரசி’ என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் பீடிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன பதில் இது. 19-வது கேள்வி மாத வருமானம். பாதிப்பேர் ‘அது என்னத்த சொல்ல’ என்றார்கள், மீதிப்பேர் ஏதோ ஒரு முழு எண்ணைச் சொன்னார்கள்.

வழிகாட்டி, மூன்று கருதுகோள் போட்டு, கை-வர்க்கச் சோதனை (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கிற கணக்கு) செய்து, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அட்டவணைகளோடு ஐந்து இயலாகக் கொண்டுவரச் சொல்கிறார். கையில் 45 நாள் இருக்கிறது. என் சந்தேகங்கள்:

அந்த 41 பேரையும் ‘பீடித் தொழிலாளி’ என்று நானே மாற்றிக்கொள்ளலாமா? எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள குக்கிராமங்களிலும் சுமார் 2000 பேர் சுற்றுகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். ஒரு சூத்திரத்தில் போட்டால் 333 பேரைக் கேட்க வேண்டும் என்று வருகிறது. 60 போதாதா? கருதுகோளை எங்கிருந்து எடுப்பது?

என் அம்மாவும் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். இதை ஒப்புக்குச் செய்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.


வேப்பமரத்தடி எழுதியது:

41-ஐ மாற்றிப் போடுங்கள் தம்பி, உண்மையைத்தானே எழுதுகிறீர்கள். நேரம் குறைவு. முதலில் முடித்துக் கொடுங்கள், பெரிய ஆய்வை முனைவர் பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.


களத்துமேடு எழுதியது:

தம்பி, அந்த 41-இல் ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். உங்களுக்கு இதுவரை கிடைத்ததிலேயே மதிப்புள்ள தகவல் அதுதான். பிழை என்று நினைத்து அழிக்கப் பார்க்கிறீர்கள்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக மதுரையைச் சுற்றிக் கள விசாரணையாளராக வேலை பார்க்கிறேன். முதல் வருஷம் ஒரு தெருவில் 14 வீடுகளில் பெண்களுக்கு நேராக ‘வேலை இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்தேன். மேற்பார்வையாளர் அம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அதே தெருவுல போய் நில்லு, ஒண்ணும் கேக்காத” என்றார். போய் நின்றேன். வீட்டுக்கு வீடு திண்ணையில் மல்லிகை குவிந்து கிடக்கிறது. பூக்கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பூ. கிழவி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை கட்டுகிறார்கள். முந்தின நாள் அதே பெண்களிடம் நான் கேட்டது “வேலைக்குப் போறீங்களா?”. அவர்கள் சொன்னது “போகலம்மா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்”. அவர்கள் பொய் சொல்லவில்லை. என் கேள்வியில் ‘போறீங்களா’ என்று இருந்தது, அவர்கள் எங்கும் போகவில்லை. நம் பேச்சில் வேலை என்றால் வாசலைத் தாண்டிப் போவது. வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்கக் கை ஓடினாலும் அதற்கு ‘சும்மா’ என்று பேர்.

இது உங்கள் தெருவோடும் என் தெருவோடும் முடிகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 28 சதவீதத்தை ஒட்டி உழைப்பவர்களாக எண்ணப்பட்டார்கள். 1971-இல் அந்த விகிதம் பாதியாக, அதற்கும் கீழாகக்கூட விழுந்தது. பத்து வருஷத்தில் பாதிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்களா? 1961-இல் கொஞ்ச நேரம் வேலை பார்த்தவர்களையும் கணக்கில் சேர்த்தார்கள். 1971-இல் ‘உங்கள் முதன்மையான செயல்பாடு எது’ என்று கேட்டார்கள். சமையலும் பிள்ளை வளர்ப்பும் செய்கிற பெண் அதற்கு என்ன பதில் சொல்வாள்? விழுந்ததில் பெரும்பங்கு கேள்வி மாறியதால் வந்தது.

இப்போது உங்கள் பீடிப் பெண்களுக்கு வாருங்கள். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளை வாங்கிப் போய் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. சேமநல நிதியும் பாஸ் புத்தகமும் (வாங்கிய இலையையும் ஒப்படைத்த பீடியையும் பதிகிற புத்தகம்) அந்த வழியில் வந்தவைதான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இப்படி வீட்டில் செய்து கொடுப்பவர்கள் சுயதொழில் பிரிவில் வருவார்கள். விசாரணையாளர் துருவிக் கேட்காமல் விட்டால் அதே பெண் 92 என்ற குறியீட்டுக்குள், அதாவது ‘வீட்டுப் பணி மட்டும்’ என்பதற்குள் போய்விடுவார். அவரிடமே கேட்டால் சும்மா இருக்கிறார். இந்த நான்கில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள், ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு பத்தி எழுதினால் அதுதான் செயல்பாட்டு வரையறை. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் வரும், நாமும் மனப்பாடம் செய்துவிட்டுப் போவோம். களத்தில் அது இல்லாமல் ஒரு தலையைக்கூட எண்ண முடியாது.

அதனால் 7-வது கேள்வி அப்படியே இருக்கட்டும், பதிலும் இருக்கட்டும். அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று கேளுங்கள்: “நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?” வேறொன்றும் சொல்லாதீர்கள், வரிசையாக எழுதுங்கள். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைத்தான் செய்தது. முந்தின நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாக. இலை நனைத்து வைப்பது, வெட்டுவது, சுற்றுவது, கட்டுவது, கடைக்கு நடப்பது, அங்கே காத்திருப்பது எல்லாம் தானாக வந்து விழும். ‘இல்லத்தரசி’ என்று சொன்னவரின் நாளில் பீடிக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று காட்டினால், உங்கள் ஆய்வின் நடு இயல் அதுதான்.

வருமானக் கேள்வியையும் இப்படியே உடைக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாரக்கூலி வாங்குகிறவரிடம் மாத வருமானம் கேட்டால் அவர் எதைச் சொல்வார்? போன வாரம் எத்தனை நாள் இலை கொடுத்தார்கள், எத்தனை ஆயிரம் சுற்றினீர்கள், கழிவு என்று (சரியில்லை என்று கடையில் தள்ளுகிற பீடி) எத்தனை போயிற்று, இலை பற்றாமல் கைக்காசில் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேளுங்கள். பெருக்கிக் கழிப்பது உங்கள் வேலை, அந்த அம்மாவின் வேலை இல்லை. எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்பதும் சின்ன விஷயம் கிடையாது. 1999-2000 நுகர்வுக் கணக்கெடுப்பில் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே படிவத்தில் பக்கம் பக்கமாகக் கேட்டதால், அந்த வருஷத்து வறுமை எண்ணிக்கையை முந்தைய வருஷங்களோடு ஒப்பிட முடியுமா என்று பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்காக வாதாடினார்கள்.

இன்னொன்று. ஒரு வீட்டில் அம்மா, மருமகள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மூவரும் சுற்றுவார்கள், பாஸ் புத்தகம் ஒருவர் பெயரில் இருக்கும். நீங்கள் எண்ணுவது ஆளையா, வீட்டையா, புத்தகத்தையா? வரிசையில் நிற்கிறவர் பலசமயம் மூன்று பேர் உழைப்பைக் கொண்டுவந்து நிற்கிறார். அவர் ஒருவர் சுற்றியதாக நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

இனி நீங்கள் உட்கார்ந்த இடம். கடையில், கடைக்காரரின் காதுபட, “கழிவு அதிகமாப் போடுறாங்களா?” என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? நாளைக்கு அவருக்கு இலை வர வேண்டாமா? பகல் 11 மணிக்கு மேல் வீட்டுக்குப் போங்கள். சுளகு மடியில் இருக்கும், கை அதன் பாட்டுக்கு ஓடும், வாய் பேசும். எந்தெந்தத் தெருவுக்குப் போகிறீர்கள் என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் அக்கிரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே தங்கியதாலேயே சேரிக்குப் போய்ப் பழகுவது தனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று பிற்பாடு அவரே எழுதினார். உங்களுக்குச் சொந்த ஊர். எல்லாத் தெருவிலும் உங்களை ஒரே மாதிரி உட்கார வைப்பார்களா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் 42 கேள்விகளையும் உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தீர்களா? மாதிரியில் சேர்க்கச் சொல்லவில்லை. படிவத்தை முன்சோதனை செய்ய.


கணக்குவாத்தியார் எழுதியது:

களத்துமேடு அம்மா சொன்னதற்கு மேல் களத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறவன், எண் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

333 என்பது சரியான கணக்குதான். 2000-ஐ 6-ஆல் வகுத்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சூத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: 2000 பேருக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் உங்களிடம் இருக்கிறது, அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறீர்கள் என்று. உங்களிடம் பட்டியல் இல்லை, கடைக்காரரின் உத்தேசம் இருக்கிறது. கடைக்கு வராதவர் மாதிரிக்குள் வரவே முடியாது. அதே வரிசையில் 333 பேரைக் கேட்டாலும் இந்தக் கோணல் கொஞ்சமும் நிமிராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு வார இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்ததும், பதில் போட்டவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததும்தான் காரணம்.

உங்களால் முடிகிற வழி இது. ஒரே ஒரு தெருவையோ குக்கிராமத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க நடந்து ஒவ்வொரு வீட்டையும் எழுதுங்கள், யார் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் என்று குறியுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு தொடக்க எண்ணைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு மூன்றாவது வீட்டுக்கும் போங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள், மறுநாள் திரும்பப் போங்கள். 20 வீடு கிடைத்தால்கூட அது எதன் மாதிரி என்று உங்களால் சொல்ல முடியும். 60 படிவத்துக்கு இப்போது அதைச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கிப் போட வேண்டாம், ‘முதல் கட்டம், கடையில் எடுத்தது’ என்று தனியாக வையுங்கள்.

கை-வர்க்கம். படிப்பு ஐந்து வகை, ‘திருப்தி’ ஐந்து வகை என்று வைத்திருப்பீர்கள். 25 கட்டங்கள். 60 பேரை அதில் பரப்பினால் கட்டத்துக்குச் சராசரி 2.4 பேர். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போகிற கட்டங்கள் நிறைந்திருந்தால் அந்தச் சோதனையை நம்பக்கூடாது. எஸ்பிஎஸ்எஸ் அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் அந்த எச்சரிக்கையையும் அச்சிடும். நான் பார்த்த ஆய்வேடுகளில் அந்த வரியை வெட்டிவிட்டு ஒட்டியவை உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த மாணவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

42 கேள்விகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, எங்கே பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்கிற எண்) 0.05-க்குக் கீழே வருகிறதோ அதைக் கருதுகோளாக எழுதுகிற வழக்கத்தையும் செய்யாதீர்கள். தொடர்பே இல்லாத இருபது ஜோடிகளைச் சோதித்தாலும் சராசரியாக ஒன்று அப்படி வந்து நிற்கும். கருதுகோளைத் தரவு பார்க்கும் முன்பே எழுதித் தேதி போட்டு வழிகாட்டியிடம் கொடுங்கள். ஒன்றே போதும். உதாரணமாக: பாஸ் புத்தகம் தன் பெயரில் உள்ள பெண்கள், இல்லாதவர்களைவிடத் தங்களைத் ‘தொழிலாளி’ என்று சொல்ல வாய்ப்பு அதிகம். இரண்டுக்கு இரண்டு அட்டவணை, எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஃபிஷர் துல்லியச் சோதனை. வழிகாட்டி கேட்ட சோதனையும் வந்துவிடும், உங்கள் கேள்விக்கும் அதில் பொருள் இருக்கும்.

ஒரு யோசனை. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பரப்பை மதிப்பிட்ட காலத்தில், 1937 முதல், ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனி மாதிரிகளாக அளக்கும்படி அமைத்தார். இரண்டு விடையும் வெகுதூரம் விலகினால் அளக்கிற ஆளில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் அந்த முறை தொடர்ந்தது. உங்கள் வகுப்பில் ஒரு தோழி உதவுவாரா? பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்றாக வீடுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.


சித்தாறு எழுதியது:

நான் கங்கைகொண்டான் பக்கம். தம்பி, சொந்த ஊரை ஆய்வு செய்வது குறைவான காரியம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். 1918-இல் அது நூலாக வந்தது. அதில் எங்கள் கங்கைகொண்டானும் உண்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடமலாபுரம், தூசி எல்லாம் உண்டு. 1930-களின் பிற்பகுதியில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு இந்த நூற்றாண்டிலும் போயிருக்கிறார்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த பையன்கள் எழுதியதை வைத்து நூறு வருஷ மாற்றத்தைப் பேச முடிகிறது. எதை எண்ணினோம், எப்படி எண்ணினோம் என்று எழுதி வைத்ததால்தான் முடிகிறது. உங்கள் வினாப்பட்டியலை, பழையது புதியது இரண்டையும், பின்னிணைப்பில் முழுதாகச் சேருங்கள். 2050-இல் யாராவது உங்கள் தெருவுக்கு வரலாம்.


பொதிகைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

களத்துமேடு அக்கா, அன்று ராத்திரியே அம்மாவிடம் படிவத்தோடு உட்கார்ந்தேன். 7-வது கேள்வியைப் படித்தேன். “வீட்டுல சும்மாதான் இருக்காங்கன்னு போடு” என்றார். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். நான் ஒன்றும் சொல்லாமல் எழுதினேன். அப்புறம் நேற்றைய நாளைக் கேட்டேன். காலை நாலரைக்கு எழுந்தது, நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்த இலையை எடுத்து வெட்டியது, சமையல், மறுபடி பீடி, துவைப்பு, மறுபடி பீடி, சாயங்காலம் கடை. கூட்டினால் பீடிக்கு மட்டும் எட்டரை மணி நேரம் வந்தது. எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று கேட்டார். இருபது வருஷமாக அந்தச் சுளகைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஒரு நாளும் மணியைக் கணக்குப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்ததால்தான் என் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லாமல் போயிருக்கிறது.

வாத்தியார் சார் சொன்னபடி ஒரு தெருவை எடுத்துப் பட்டியல் போட்டேன். 84 வீடு, அதில் 61 வீட்டில் யாராவது சுற்றுகிறார்கள். மூன்றுக்கு ஒன்றாக 20 வீடு. அந்த 20 வீட்டில் சுற்றுகிறவர்கள் 33 பேர், பாஸ் புத்தகம் 16. ஐந்து வீட்டில் புத்தகம் வேறு யார் பெயரிலோ இருக்கிறது, அதில் ஒருவர் இறந்தே போய்விட்டார். கடையில் நின்றிருந்தால் இது எனக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது.

அக்கா, கழிவு பற்றி நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. கடையில் 60 பேரில் 52 பேர் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல’ என்றவர்கள். வீட்டில் 20-இல் மூன்று வீடு தவிர எல்லோரும் கழிவைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பாட்டி எழுந்து உள்ளே போய், கழித்துத் திருப்பிக் கொடுத்த கட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

வகுப்புத் தோழி ஒருவர் பாதி வீடுகளை எடுத்துக்கொண்டார். மணிக்கணக்கும் கூலியும் எங்கள் இருவர் படிவத்திலும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. உடம்பைப் பற்றிய கேள்வியில்தான் இடிக்கிறது. என்னிடம் ‘முதுகு வலி’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கிறார்கள். தோழியிடம் மாதவிடாய் நாட்களில் உட்கார்ந்தே இருக்கும் சிரமம், கர்ப்பமாக இருந்தபோது தூள் நெடி, எல்லாம் வந்திருக்கிறது. அந்தப் பகுதியில் என் 10 வீடுகளை வைத்து முடிவு எதுவும் சொல்லப்போவதில்லை, காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

வழிகாட்டி முதலில் தயங்கினார். கருதுகோளைத் தேதியோடு காட்டியதும், முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று இரண்டு இயலாகப் பிரித்துக்கொள்ளச் சம்மதித்தார். பாஸ் புத்தகச் சோதனையில் பி மதிப்பு 0.05-க்கு மேலேதான் வந்தது. அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் பெண்கள் பயப்படுகிறார்கள். வாய்மொழி ஒப்புதல் போதுமா? பாஸ் புத்தகங்களைப் படம் எடுத்திருக்கிறேன், ஆதாரமாகப் பின்னிணைப்பில் சேர்க்கலாமா?


கணக்குவாத்தியார் எழுதியது:

0.05-க்கு மேலே வந்ததை மறைக்காமல் எழுதுவது நல்லது. ஒரு வார்த்தை மட்டும் கவனியுங்கள். ‘தொடர்பு இல்லை என்று நிரூபணமாயிற்று’ என்று எழுதாதீர்கள். 33 பேரில், அதுவும் ஒரே வீட்டில் இருவர் மூவராக இருக்கும்போது, தொடர்பு இருந்தாலும் கண்ணுக்குப் படாமல் போகலாம். ‘இந்தத் தரவில் போதிய சான்று இல்லை’ என்று எழுதுங்கள், எண்ணிக்கை அட்டவணையையும் பக்கத்திலேயே கொடுங்கள்.


களத்துமேடு எழுதியது:

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி.

வாய்மொழி ஒப்புதல் போதும். எதற்காகக் கேட்கிறேன், யார் படிப்பார்கள், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவில் எழுந்து போகலாம், இந்த நாலையும் சொன்னேன் என்று ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் தேதியோடு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு ஏமாந்த கதை எல்லா ஊரிலும் உண்டு, அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பாஸ் புத்தகப் படங்களைச் சேர்க்கவே கூடாது. பெயர், எண், கடை, நிறுவனம் எல்லாம் அதில் இருக்கும். இறந்தவர் பெயரில் சுற்றுகிற வீடு எது என்று கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார், நாளைக்கு அந்த வீட்டுக்கு இலை நிற்கும். வீடுகளுக்கு 1 முதல் 20 வரை எண் கொடுங்கள். எந்த எண் எந்த வீடு என்பதைத் தனி நோட்டில் எழுதி, அந்த நோட்டை ஆய்வேட்டோடு வைக்காதீர்கள். ஊர்ப் பெயருக்கும் ஒரு புனைபெயர் போடுங்கள். அந்தப் படங்களைக் கைபேசியிலிருந்தும் அழித்துவிடுங்கள். வாட்ஸப்பில் தோழிக்கு அனுப்பியிருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். கழிவுக்கட்டைக் காட்டிய பாட்டியின் வீட்டை ‘தெருமுனை வீடு’ என்று அடையாளம் தெரியும்படி எழுதியிருந்தால் அந்த வரியையும் மாற்றுங்கள்.

மற்றத் தரவை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒரே பையில் லேப்டாப்பும் பென்டிரைவும் வைப்பது இரண்டு இடம் ஆகாது. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் கர்நாடகத்து ராம்புரா கிராமத்தைப் பற்றி 18 வருஷமாகத் தொகுத்த குறிப்புகளுக்கு மூன்று படிகள் வைத்திருந்தார். மூன்றும் ஸ்டான்போர்டில் ஒரே அறையில் இருந்தன. 1970 ஏப்ரலில் யாரோ அங்கே தீ வைத்தார்கள். நிரப்பிய படிவங்களை இன்றைக்கே ஒரு முறை ஸ்கேன் செய்து, கடவுச்சொல் போட்டு, வேறொரு இடத்தில் ஒரு படி வைத்துவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வு என்றைக்கு? 41 பேர் ‘இல்லத்தரசி’ என்று சொன்னதை ஏன் திருத்தவில்லை என்று புறத்தேர்வாளர் கட்டாயம் கேட்பார். இரண்டு நிமிஷத்தில் என்ன பதில் சொல்வீர்கள் என்று முந்தின நாள் இங்கே எழுதுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.